யாழினி தூங்கட்டும்

செஞ்சி பஜார் பக்கம் என் வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பு யாழினி, பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் வருவாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போவார்.

இன்று ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நோட்டின் மேல் தூங்கிவிட்டாள். நாளைக்குப் பரீட்சை. ஆனாலும் எழுப்ப மனம் வரவில்லை.

அம்மா வந்துவிட்டார். பரீட்சை நேரத்தில் தூங்கவிட்டதற்குத் திட்டுவாரோ என்று எனக்குப் பயம்.

"இன்னா மிஸ், தூங்கிட்டாளா?"

"இதோ எழுப்பிடறேன்க்கா."

"வேணாம் மிஸ். காலைல அஞ்சு மணிக்கே எழுப்பி உக்கார வச்சேன். பாவம், தூங்கட்டும்."

"தொண்டூர் பஸ் போயிடுமே?"

"அடுத்ததுல போறோம்."

மகள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்து தானும் கண் மூடிவிட்டார்.

சத்தம் வேண்டாமென்று மற்ற பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். அவர்களுடைய அம்மாக்கள் என்னைத் திட்டுவதென்றால் இந்தப் பதிவின் கமெண்டில் திட்டலாம். உங்கள் பிள்ளை தூங்கிய பிறகு வந்து திட்டுங்கள்.