எங்களுக்கு முன்னால் ஏறியவை

ஆடி மாதமானால் வடமதுரையிலிருந்து போய், மழை கேட்டுச் சிறுமலை உச்சிச் சாமியைக் கும்பிடுவோம். போகிற வழியில் பூக்கும் ஒரு வெள்ளைப் பூவைப் பறித்து வைத்தால்தான் வேண்டுதல் சேரும். அந்தச் செடி வேறெந்த மலையிலும் கிடையாது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், பாதி வழியில் சுனையோரமே அது மண்டிக் கிடந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மேலே போய்த்தான் பறித்தோம். கீழே வெக்கை கூடக்கூட அது குளிர்ச்சியைத் தேடி ஏறுகிறது என்றார் வனக்காவலர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. செடிக்குக் காலா இருக்கிறது?

போன ஆடியில் வழி நெடுகத் தேடியும் ஒரு பூ இல்லை. மூடுபனிக்குள் குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. உச்சிக்கு வந்ததும் என் நாத்தனார் என் கையை இறுகப் பிடித்தாள்.

"மதினி, அங்க பாருங்க. நமக்கு முன்னாடியே வந்து நிக்குது."

சாமிக்கல்லைச் சுற்றிப் பாறை இடுக்குகளில் ஏழெட்டுச் செடிகள் நின்றன. காற்றே இல்லை. பூக்களெல்லாம் கல்லைப் பார்த்தே திரும்பியிருந்தன. அதற்கு மேல் ஏற இடமில்லை, வானம்தான்.

"பறிங்க மதினி, நேரமாகுது."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

அந்த மலைக்கு வேண்டுதலோடு ஏறுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.