அப்பாவின் தூண்டிலுக்கு நான் போட்ட முடிச்சு

நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து வீடு திரும்பினார். அவருடைய வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் திரும்பவில்லை. சத்தீஸ்கர் பக்கம் ஏதோ ஒரு காட்டில் போர் போடும்போது இரும்பு ராடுகளுக்கு நடுவில் கை மாட்டிக்கொண்டதாக அம்மா சொன்னாள். மிச்சமிருந்த விரல்களும் மடங்க மறுத்து விறைத்தே கிடந்தன.

முன்பெல்லாம் லீவில் வந்தால் மறுநாளே தூண்டிலை எடுத்துக்கொண்டு ஜேடர்பாளையம் அணைக்குக் கிளம்பிவிடுவார். மீன் பிடிப்பதைவிடத் தூண்டில் நரம்பில் முள் கட்டுவதில்தான் அவருக்கு ஆசை அதிகம். எந்த மீனுக்கு எந்த முள், எந்த முள்ளுக்கு எந்த முடிச்சு என்று காலை முழுக்க அதிலேயே போகும். நான் பக்கத்தில் போனால் நரம்பு சிக்கிவிடும் என்று விரட்டுவார். நைலான் நரம்பும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒருநாள் அவரே தூண்டில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். முள்ளைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் நரம்பைக் கோத்தார். சுற்றுவதற்கு வலது கை வேண்டியிருந்தது. நரம்பு விரல்களுக்கு நடுவிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் முள் உதட்டில் ஏறி ரத்தம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "சாமி, நீ கட்டித் தாரியா?" மகளை அவர் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குக் கட்டத் தெரியாது. அப்பாவின் செல்போனை வாங்கி வீடியோக்களைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க முடிச்சுகள் பெருகிக்கொண்டே போயின. ஒருவழியாக இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று, நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு, அதன் மேலேயே பல சுற்று முறுக்கி, நுனியைத் திரும்ப உள்ளே கொடுத்து இறுக்குவது. இன்னொன்று, நரம்பை இரட்டையாக மடித்துக் காதுக்குள் விட்டு ஒரு முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து எடுப்பது. எது நல்லது என்று தெரியாததால் இரண்டையும் ஒவ்வொன்றாக முள்ளில் போட்டு, முள்ளை வாளியின் கைப்பிடியில் மாட்டி, துணி காயப்போடும் கம்பியிலிருந்து தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பாதி வாளி வரை இரண்டுமே தாங்கின. முழு வாளியில் முதலாவது உருவிக்கொள்ள, தண்ணீர் மொத்தமும் அம்மா துவைத்து வைத்திருந்த துணிகளின்மேல் விழுந்தது. இரட்டை நரம்பு முடிச்சு சாயங்காலம் வரை அப்படியே நின்றது.

அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இதையே போடு," என்றார். அன்று சோறு இறங்காத அளவுக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரால் மொபெட்டின் கைப்பிடியை முறுக்க முடியாது என்பதால் மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். அணைக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் அப்பா இடம் பார்த்து உட்கார்ந்தார். நான் முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினேன், மாவு உருண்டையை முள்ளில் செருகினேன். வெயில் ஏறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தூண்டில் கம்பு திடீரென்று வளைந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். இடது கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு, விறைத்த விரல்களால் நரம்பு சுற்றும் சக்கரத்தைச் சுற்றப் பார்த்தார். சக்கரம் அவர் பிடிக்கு நிற்காமல் தன்பாட்டுக்குப் பின்னால் ஓடியது. நான் உதவப் போனேன்.

"கிட்ட வராத சாமி. மரத்தடில வலை இருக்குது பாரு, ஓடிப்போய் எடுத்துட்டு வா."

நான் வலையோடு திரும்பி வந்தபோது கம்பு நிமிர்ந்திருந்தது. அப்பா பாறைமேல் உட்கார்ந்திருந்தார். வலது கையை அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"முடிச்சு உருவிக்கிச்சு சாமி," என்றார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "பெரிய மீனு. புள்ள கட்டுன முடிச்சு நிக்கல," என்று அப்பா அவளிடமும் அதையே சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு வெகுநேரம் அப்பாவைப் பார்த்தாள்.

அந்த வாரமே திருச்செங்கோட்டிலிருந்து ரிக் மேனேஜர் வந்தார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா, வண்டி கெளம்பப் போவுதுங்க. வாரீங்களா?" என்று கேட்டார்.

"என்னால ஆவாதுங்க," என்றார் அப்பா.

விடுமுறை முடிவதற்குள் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் எழுந்திருக்கப் பல வருடங்கள் ஆயின. எழுந்தவரும் பழைய மனிதராக எழவில்லை. எல்லாம் என் முடிச்சால் வந்த வினை என்று நான் முடிவுகட்டினேன். அந்த மீன் மட்டும் கரைக்கு வந்திருந்தால் அப்பாவுக்குத் தெம்பு வந்திருக்கும், வண்டியேறிப் போயிருப்பார் என்று தினமும் நினைத்தேன்.

ஆற்றுக்குப் போவதற்கு முந்தின நாள் அவர் அம்மாவிடம், "இந்தக் கை ஒரு மீனத் தாங்குதான்னு பாத்துட்டு மேனேஜருக்குப் பதில் சொல்றேன்," என்று சொல்லியிருந்தாராம். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உருவிக்கொண்ட நரம்பின் நுனி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். அன்று ஆற்றங்கரையில் நான் சுற்றி எடுத்த நரம்பின் நுனியோ நேராக, பிளேடால் வெட்டியதுபோல இருந்தது. முடிச்சு உருவவில்லை. அவர்தான் அறுத்துவிட்டிருக்கிறார். தன் கையைக் குறை சொல்ல வாய் வராத மனிதருக்கு அந்தப் பாறைமேல் கைக்கெட்டிய ஒரே சாக்கு என் முடிச்சுதான்.

ஆறாம் வகுப்புக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்த விடுமுறையின் மிச்ச நாட்களெல்லாம் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகினேன். நன்றாக வந்த ஒவ்வொன்றையும் அறுத்தெடுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன். அப்பா திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்குது சாமி," என்பார். ஒன்றைக்கூட அவர் கையில் வாங்கி இழுத்துப் பார்த்ததில்லை. என்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னும் இறுக்கமாக ஒன்று போட ஜன்னலுக்குத் திரும்பிப் போவேன்.