புளி போட்டு மினுக்கிய தோட்டாக் கோது

ஜேர்மனியின் ஹம் நகரில் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்த புதிதில், ரைபிள் தோட்டாவின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சுட்டபின் விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, அனுமதியும் எடுத்து, வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பத் தீர்மானித்தேன். குண்டை அழுத்திப் பொருத்தும் பிரஸ், மருந்து நிறுக்கும் தராசு எல்லாம் வாங்கினேன். கோது துலக்கும் மெஷின் மட்டும் வீண்செலவாகப் பட்டது. குத்துவிளக்குப் போலப் புளி போட்டுத் தேய்த்து, காய வைக்கக் கேக் சுடும் அவணில் முழுச்சூட்டில் விட்டு மறந்துபோனேன். எடுத்தபோது நிறம் மாறியிருந்தது. புளியின் குணம் என்று நினைத்தேன்.

நிரப்புவதற்கு முன் கழகத்தில் பெருமையாகக் காட்டினேன். மாறிய நிறத்தைப் பார்த்ததும் பயிற்றுநர் பதறினார். "சூட்டில் பித்தளையின் பலம் போய்விட்டது. சுட்டிருந்தால் உங்கள் முகத்திலேயே வெடித்திருக்கும்!"

கோதுகள் அத்தனையையும் எறிந்தேன். மனைவி, "என்ரை புளியையும் எல்லோ முடிச்சுப்போட்டியள்!" என்றாள்.

இப்போது தோட்டாவைக் கடையில்தான் வாங்குகிறேன். மனைவி விலை கேட்டால், "வீட்டிலை செய்யிறதைவிட மலிவப்பா" என்கிறேன். அவளுக்கு நான் சொன்ன தோட்டாக் கணக்குகளில் இது ஒன்றுதான் உண்மை.