மெட்டில்டா கம்பவுண்டர் ஆன விதம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த டாக்டர் நாராயணஸ்வாமியின் டிஸ்பென்சரிக்கு மெட்டில்டா முதலில் வந்தது சீசா கழுவத்தான். எட்டாவது வரை படித்தவள். கணவன் அமலதாசுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் கம்பவுண்டராக இருந்த காளிதாஸ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மதராசுக்கு வண்டியேறிவிட்டான். வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"தினம் பாக்கறதுதானே, அந்த வயித்துவலி மிக்சரை மட்டும் கலந்து குடும்மா" என்றார் டாக்டர்.

அந்த ஒரு மிக்சர் ஏழு வருஷம் நீண்டது. டாக்டரின் பழைய மருந்துப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எந்த மருந்து எத்தனை துளிக்கு மேல் போகக் கூடாது, எதை எதோடு சேர்த்தால் சீசாவின் அடியில் மண்டியாகத் தங்கும் என்பதெல்லாம் கைக்கு வந்தது. சம்பளம் மட்டும் சீசா கழுவுகிறவளின் சம்பளத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து முப்பது ரூபாயில் வந்து நின்றது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த சகாயமேரி ஓர் அச்சடித்த பாரத்தை அவளிடம் நீட்டினாள்.

"மெட்டி, புதுச் சட்டம். பதிவு பண்ணிக்காதவங்க இனிமே மருந்து கலக்கவே கூடாதாம். பரீட்சை எழுதலேன்னாலும் அஞ்சு வருஷம் கலந்த அனுபவம் இருந்தா இப்போ சேத்துக்கறாங்க. டாக்டர் எழுதிக் குடுத்தாப் போதும். பதிவு இருந்தா எங்க ஆஸ்பத்திரியிலேயே அறுபது ரூபா, பஞ்சப்படி வேற. இந்த மாசம் முப்பதோட கெடு முடியுது."

மறுநாளே மெட்டில்டா பாரத்தை டாக்டரின் மேசையில் வைத்தாள். "ஆகட்டும், பாக்கலாம்" என்றார். அந்த 'பாக்கலாம்' இரண்டு வாரம் இழுத்தது. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'இவர் என் டிஸ்பென்சரியில் ஏழு ஆண்டுகளாக உதவிக்கு இருக்கிறார்.' அவ்வளவுதான்.

மெட்டில்டாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தக் கடிதத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் அழுதிருப்பாள். போகவில்லை. கடைசி நோயாளி கிளம்பும்வரை காத்திருந்து, உள்ளே போனாள்.

"சார், நான் உதவிக்கா இருந்தேன்?"

"அதுலே என்னம்மா தப்பு?"

"மருந்து கலந்தேன்னு ஒரு வார்த்தை இல்லையே சார். இதை அனுப்பினா, கூட்டிப் பெருக்கறவள்னு நெனைச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எழுதிக் குடுத்தா நீ ஆஸ்பத்திரிக்குப் போயிடுவே. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாக டாக்டரின் கண்ணில் புரை. மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் முப்பது என்று விழும். பிள்ளைக்குக் கொடுக்கிற அளவு பெரியவர்களுக்கானதாகிவிடும். மெட்டில்டா மருந்துச் சீட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு எடுத்துப்போய், "இது குழந்தைக்குத்தானே சார்?" என்று சந்தேகம் கேட்பவள் மாதிரி கேட்பாள். அவர் திருத்திக் கொடுப்பார். நோயாளிகள் யாருக்கும் தெரியாது. அதைப்பற்றி அவர்கள் இருவரும்கூடப் பேசிக்கொண்டதில்லை.

"போவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது சார். ஆனா பதிவு இல்லேன்னா இங்கேயும் நான் கலக்க முடியாது" என்றாள்.

டாக்டர் வேறு காகிதம் எடுத்தார்.

விண்ணப்பம் பெங்களூருக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து, விசாரிக்க பசவராஜ் என்ற அதிகாரி நேரில் வந்தார். எட்டாவது படித்த ஒரு பெண்ணா என்ற சந்தேகம் அவர் முகத்திலேயே இருந்தது. அலமாரியிலிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி அளவு கேட்டார். ஒரு மிக்சர் கலக்கச் சொன்னார். அவள் கலந்து, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டையை வெட்டி சீசாவில் ஒட்டி நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டர் எழுதினதே தப்பா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"போய்க் கேப்பேன் சார்."

"ஹௌதா, அப்படியா? கேட்டது உண்டா?"

நாலடி தள்ளி டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றால் அவர் மானம் போகும். இல்லை என்றால் பொய். மெட்டில்டா கையிலிருந்த துணியால், மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாசைத் துடைத்தாள்.

"உண்டு" என்றார் டாக்டர். இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தப் பென்சில் குறியெல்லாம் இவ போட்டது. நான் எழுதின தப்பு. ஒண்ணைக்கூட இவ விட்டதில்லே. என் கண்ணு சரியில்லே சார். இந்த ஊர்லே அது தெரிஞ்ச ஒரே ஆள் இவதான்."

பசவராஜ் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று அமலதாஸ் பட்டறைக்கு அரைநாள் மட்டம் போட்டான். அந்த வருஷ முடிவில் மெட்டில்டாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதற்குள் டாக்டர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, கனத்த கண்ணாடியோடு திரும்பியிருந்தார். புதுக் கம்பவுண்டர் தேடினார். பதிவு செய்தவராகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஒருநாள் கடைத்தெருவில் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன அநியாயம் பாரும்மா! வர்றவன் எல்லாம் எடுத்த எடுப்பிலே அறுபது கேக்கறான்!"

மெட்டில்டாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"குடுங்க சார்" என்றாள்.