மகனுடைய கம்பிச் சத்தம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் சாதிக்காய் தரம் பிரிக்கிற கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். ஆறேழு பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்போம். எங்களில் இளையவள் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து எதையாவது ஓட விடுவாள். போன ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் அதில் புடவைக்கடை விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு பெண் முந்தானையை விசிறிக்கொண்டு படியிறங்கி வருகிறாள். பின்னால் கிட்டார் கேட்கிறது. தடித்த கம்பியில் ஒரே சத்தம், நடக்கிற மாதிரி திரும்பத் திரும்ப.

பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. அது என் மகன்.

"இன்னொரு தடவை போடு" என்றேன்.

"பாருங்கடி, அக்காவுக்குப் பட்டு கேக்குது! இந்த நீலச் சேலைக்கு எப்பத்தான் விடுதலையோ" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த மலையாளத்துக்காரி, "கல்யாணம் வல்லதும் உண்டோ சேச்சி?" என்று, வீட்டில் ஏதாவது கல்யாணமா என்கிற மாதிரி, என் தொடையில் தட்டினாள். நானும் சிரித்து வைத்தேன். அவர்களிடம் என்ன சொல்வது?

மகன் வீட்டை விட்டுப் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் இரண்டு மாதம் பம்பாயிலிருந்து பேசினான். பிறகு அந்த எண்ணுக்கு அடித்தால் யாரோ ஒரு பெண் இந்தியில் ஏதோ சொன்னாள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். அதோடு சரி. இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. ஆனால் விளம்பரம் அந்த ஓணத்துக்கென்றே புதிதாக எடுத்தது. அப்படியென்றால் அந்த வருஷம் அவன் எங்கேயோ உட்கார்ந்து வாசித்திருக்கிறான்.

கிட்டார் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று தோன்றலாம். அவன் வலது கட்டைவிரல் சின்ன வயதில் கிடங்குக் கதவில் நசுங்கி, நகம் இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. தடித்த கம்பியை அவன் தட்டினால் சத்தத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கரகரப்பு வரும், தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறவர்களைப் போல. கல்யாண மேடைகளில் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போதுகூட, கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அவனுடையது தனியாகக் கேட்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது.

மகனுக்கு அக்கரையில், வைப்பினில், ஒரு சிநேகிதன் உண்டு. எங்கள் வீட்டுச் சோறு தின்று தமிழ் பழகியவன். கம்ப்யூட்டரில் பாட்டுச் சேர்க்கிற வேலை அவனுக்கு. கிட்டாரில் வருகிற சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டால், கிட்டாரே இல்லாதவன்கூடக் கீபோர்டுக் கட்டையை அமுக்கிக் கிட்டார் வாசிக்கலாமாம். ப்ளகின் என்று அதற்குப் பேர். எங்கள் பின்னறைச் சுவர் பழைய கிடங்குச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் தடிமன். தெருச் சத்தம் வராது என்று அங்கேயே செய்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம். கம்பியை ஒரு தட்டு. அந்தச் சத்தம் முழுக்கச் சாகிறவரைக்கும் யாரும் அசையக் கூடாது. பிறகு மறுபடியும் ஒரு தட்டு. நான் குழாயைத் திறக்காமல், மிக்சியைத் தொடாமல், மடியில் கை வைத்து அடுக்களையில் உட்கார்ந்திருப்பேன்.

மகனுக்கு ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை.

"இது வாசிப்பாம்மா? ஒவ்வொரு பருக்கையா எடுத்துச் சோறு தின்ற மாதிரி இருக்கு" என்றான்.

"வெயில்ல அலையாம வீட்டுல உக்காந்து செய்யற வேலைடா. செய்" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஒரு வருஷம் போனதும் அவனைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு நின்றே போனது. அவனை வரச் சொல்லி வாசிக்க வைத்தவர்கள் எல்லோரும் அந்த ப்ளகினை வாங்கிவிட்டிருந்தார்கள். ஒரு நாள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "நான் போறதுக்கு முன்னாடியே நான் போய் வாசிச்சுட்டு வந்துட்டேனாம்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன். பம்பாய் ஓட்டல்களில் இன்னும் ஆள் நின்று வாசிக்கணுமாம் என்று சொல்லி அடுத்த மாதமே ரயிலேறினான்.

ஆகையால் விளம்பரத்தில் வாசித்தது அவனா, அந்த ப்ளகினா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜங்காரில் ஏறி வைப்பினுக்குப் போனேன். காரும் ஸ்கூட்டரும் ஏற்றிக்கொண்டு போகிற அந்தப் படகில் ஓரமாக நின்றபடி, என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சிநேகிதன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். மகன் போனபிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

"அம்மச்சியா! தனியாவா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா ஞான் வந்திருப்பேனே."

"நீ வந்திருக்க மாட்டே" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைப் பேரைச் சொன்னேன். விளம்பரத்தைக் கம்ப்யூட்டரில் தேடிப் போட்டுக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான். "அவனோட சத்தம்தான் அம்மச்சீ. பட்சே… ஆனா…" மேசைமேல் இருந்த கறுப்பு வெள்ளைக் கட்டையில் ஒரு விரலை வைத்து அமுக்கினான்.

அந்த அறையில் கிட்டார் கிடையாது. ஆனால் சுவரோரப் பெட்டியிலிருந்து என் மகன் செருமிக்கொண்டு கம்பியைத் தட்டினான். அந்தப் பிளந்த நகம் அப்படியே கேட்டது. சிநேகிதனுடைய விரலைப் பார்த்தேன். நகம் வெட்டிச் சுத்தமாக இருந்தது.

"போதும், எடு கையை" என்றேன்.

விரலை எடுத்துவிட்டு அவன் சொன்னான். "கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு சத்தமும் நாலு தடவை எடுத்தோம், நினைவிருக்கா? ஒரே சத்தம் அடுத்தடுத்து வந்தா மெஷின் அந்த நாலையும் மாத்தி மாத்திப் போடும். அஞ்சாவதுக்கு மறுபடியும் முதல் சத்தத்துக்கே போயிடும். ஆளு வாசிச்சா அது வராது. விளம்பரத்துல ஒரு இடத்துல எட்டுத் தடவை வருது. கேக்கணுமா?"

கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் மகன் உயிரோடு இருக்கிறான் என்றே நான் இன்றுவரை நினைத்திருக்கலாம். போடு என்று தலையாட்டினேன்.

சேலைக்குள் விரல் மடக்கி எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. இத்தனை வருஷமாகக் கையில் சாதிக்காயை உருட்டுகிறேன், ஒன்றுபோல இன்னொன்று வந்ததில்லை. இதுவும் வேறாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாவது வந்தது. முதலில் வந்த அதே கரகரப்பு, அதே நீளம், அதே முடிவு. ஆறாவது இரண்டாவதைப் போலவே இருந்தது.

இன்னும் இரண்டு தடவை போட்டான். "கிட்டாருக்கு மேல விளம்பரத்துல ஒரு பொண்ணு பேசறா அம்மச்சீ. உறப்பிச்சு, உறுதியாச் சொல்ல முடியாது" என்றான்.

"எனக்குக் கேட்டுது."

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. எத்தனை பேரிடம் அந்த ப்ளகின் இருக்கிறது என்று கேட்டேன். எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த நாட்டிலோ, பேர்கூடத் தெரியாது என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "வாங்கினவங்ககிட்டேயிருந்து திரும்ப வாங்க முடியாது. இனி யாருக்கும் கொடுக்காம நிறுத்தலாம். அம்மச்சி சொன்னா இன்னிக்கே எடுத்துடறேன்."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறு வார்த்தை வந்தது.

"எடுக்காதே. இருக்கட்டும்."

"எதுக்கு அம்மச்சீ?"

"அவன் எங்கேயாச்சும் இருந்தா அவன் காதுல விழட்டும்."

போலீசுக்குக் கொடுத்த போட்டோ எந்த மேசையில் கிடக்கிறதோ. இந்தச் சத்தம் பஸ்ஸிலும் சாயாக்கடையிலும் டிவியிலும் போகிறது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், அது யாருடைய விரல் என்று அவனுக்குத் தெரியும். வீடு நினைவுக்கு வரும். இதையெல்லாம் நான் சிநேகிதனிடம் சொல்லவில்லை. அவன் வீட்டில் சாயா கொண்டுவந்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜங்கார் பாதித் தண்ணீர் தாண்டின பிறகுதான் அது உறைத்தது. இந்தச் சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல்தானே அவன் போனான். எங்கேயோ ஒரு ஊரில் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது இது காதில் விழுந்தால், கிளாஸை வைத்துவிட்டு இன்னும் தூரமாக எழுந்து போய்விட மாட்டானா?

கரையில் இறங்கி அங்கேயே நின்றேன். அடுத்த ஜங்கார் வந்தது. வண்டிகள் ஏறின, ஆட்கள் ஏறினார்கள். திரும்பிப் போய் நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். ஏறவில்லை. இன்றுவரை சிநேகிதனிடம் அந்த ப்ளகினை நிறுத்து என்று சொல்லவும் இல்லை.