கோடாலிக்காரர் கேட்ட கேள்வி

எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த நேரம். அத்தாவையும் அம்மாவையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து மெட்ராஸ் கிளம்பினேன். விருந்துக்கு இல்லை, இனி என்னோடேயே வைத்துக்கொள்ள.

அத்தா கடைத்தெருவில் கல்வராயன் மலைத் தேனும் கடுக்காயும் விற்றவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. அம்மா ஒருத்தியால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. நான் மெட்ராஸில் டீச்சர், அண்ணன் சவூதியில். இரண்டு பேரும் கடிதத்திலேயே பேசி முடிவெடுத்தோம்.

உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோடாலியோடு ஒருவர் எழுந்து எங்கள் காரிடம் வந்தார். நாற்பது வயசு இருக்கும், தலையெல்லாம் மரத்தூள்.

குனிந்து உள்ளே பார்த்தார். "இன்னா பாய், எங்க போறீங்க?"

"அவருக்குப் பேச வராதுங்க. சொன்னாலும் புரியாது" என்று முந்திக்கொண்டேன்.

"புரியாதுன்னு யாரு சொன்னது? நீ சொன்னதும் கண்ணுல தண்ணி வருது பாரும்மா. எங்க அண்ணனும் இப்பிடித்தான் மூணு வருஷம் கெடந்தாரு."

கோடாலியைக் கீழே வைத்தார். கதவைத் திறந்து ரோட்டிலேயே குந்திக்கொண்டு அத்தாவின் இடது கையைப் பிடித்தார். "பாய், ஆமான்னா ஒருவாட்டி அமுக்குங்க, இல்லன்னா ரெண்டுவாட்டி. நான் பேசறது புரியுதா?"

அத்தாவின் விரல்கள் மெல்ல மடங்கின. ஒருமுறை.

இந்த எட்டு மாதத்தில் அவரை வைத்துக்கொண்டே என்னென்னவோ பேசியிருக்கிறோம். எங்கே அடக்கம் செய்வது என்பதைக்கூட.

"மெட்ராஸ் போவ இஷ்டமா?" இரண்டுமுறை. "கள்ளக்குறிச்சி வூட்டுக்கே திரும்பிடலாமா?" அதற்கும் இரண்டுமுறை.

"சும்மா அமுக்கறாருங்க" என்றேன்.

அவர் விடவில்லை. "பாய், நான் பொம்பளையா?" இரண்டுமுறை அமுக்கிய அத்தாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவர் சிரித்து எட்டு மாதமாகியிருந்தது.

"அப்ப வேற எங்கியோ போவணும்ன்றாரு. ஊருங்க பேரைச் சொல்லிக்கினு வாம்மா."

நான் யோசிப்பதற்குள் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மணலூர்பேட்டையான்னு கேளுங்க."

அவர் கேட்டு முடிக்கவில்லை, அத்தாவின் விரல்கள் இறுகின. "அம்மாடி, இன்னா புடி!" என்றார் அவர்.

மணலூர்பேட்டையில் இருந்தது என் மாமி, அத்தாவின் ஒரே தங்கை. தனியாக இருந்தார். தன் மகனுக்கு என்னைக் கேட்டு நாங்கள் மறுத்ததிலிருந்து ஒன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவ்வளவு நாளும் அத்தா வாயைத் திறந்து அவர் பேரைச் சொல்லிக் கேட்டதில்லை.

"என் கையையும் புடிச்சிக் கேளேன்டி" என்றாள் அம்மா. பிடித்து, மணலூர்பேட்டைக்கா என்று கேட்டேன். ஒருமுறைதான் அமுக்கினாள். "உன் மூணாவது மாடியில போட்டு அடைச்சிடுவியோன்னு பயந்துக்கினே வந்தேன்."

அந்த மனிதர் எங்கள் காரிலேயே முன்னால் ஏறிக்கொண்டார். கிராமத்து வழிகளில் திருப்பிவிட்டு, மறித்த இடத்திலெல்லாம் தலையை நீட்டி, "ஒடம்பு முடியாதவரு, தங்கச்சி வூட்டுக்குப் போறாரு, உடுங்க" என்றார். மறியல் இல்லாத ரோடு வந்ததும் இறங்கித் திரும்பி நடந்தார். நான் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

மாமி கதவைத் திறந்து, காருக்குள் இருந்த தன் அண்ணனைப் பார்த்தபடி அப்படியே நின்றார். "இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு அழுகைதான். அத்தா அந்த வீட்டில் நான்கு வருஷம் இருந்தார். அம்மாவும் மாமியும் சேர்ந்தே பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது எனக்கே அத்தாவின் அன்றைய வயது. எங்கே இருக்கப் பிரியம் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அது இல்லாதவரிடமும் ஒரு பதில் இருக்கும் என்று நம்பி நடு ரோட்டில் குந்திய அந்த மனிதரை நினைத்தால், இன்றும் மலைப்பாக இருக்கிறது.