அமீர்பேட் சேகர் திறந்துகொடுத்த டைரி

கம்ப்யூட்டர் சேகர் போய்விட்டானாம். காலையில் என் மகன் போனில் சொன்னான்... நெஞ்சுவலி. ஐம்பதுகூட ஆகவில்லை.

இறந்தவர்களைப் பற்றி நல்லதே எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரின் மாடிப்படிக்குக் கீழே கடை. விசிட்டிங் கார்டில் மூன்று பிழைகள். வாயில் எந்நேரமும் பாக்கு. இந்தத் தெலுங்கு ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழன். தமிழில் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதில் வெட்கமும் கிடையாது.

என் கணவர் டைரி எழுதியது ஒரு பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரில். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அவர் காலமான மறு வருடம், வைரஸ் தொல்லை என்று மகன் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டான். டைரி திறக்கவில்லை.

"விடும்மா, அதெல்லாம் இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல" என்றான், கொண்டாப்பூரில் ஐ.டி. வேலை பார்க்கும் கெட்டிக்காரன்.

வேறு வழியில்லாமல்தான் சேகர். ஷூவோடு உள்ளே வந்தான். கழற்றச் சொன்னேன்... சாக்ஸில் ஓட்டை.

"நடுவுல ஒண்ணு போட்டிருக்கேன்மா. சாஃப்ட்வேர் எது கேட்டாலும் விண்டோஸ் மாதிரியே அது பதில் சொல்லும். லினக்ஸ்ல ஓடுறோம்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

"அதாவது, பொய் சொல்லி வேலை வாங்குற."

"ஹவ்மா!" ஆமாமாம். அதில் பெருமை வேறு.

டைரி திறந்தது. ஆனால் மெனு முழுவதும் கட்டம் கட்டமாக வந்தது. பிரிண்ட் வரவேயில்லை. அரைகுறை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்தான்.

படிக்கத் தெரியாதவன் அல்லவா... ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, "படிச்சுச் சொல்லுங்கம்மா, எழுத்து சரியா வருதா?" என்பான். என் கணவரின் டைரியை, பாக்கு மெல்லும் ஒருவன் முன்னால் நான் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள்.

மூன்றாம் நாள் ஒரு பக்கம். 'இவள் சொல்வது எப்போதும் சரி. அதனால் இவளிடம் நான் எதுவும் சொல்வதில்லை.'

அதை நான் உரக்கப் படிக்கவில்லை.

"என்னம்மா, எழுத்து சரியா வரலையா?"

"வரல. எல்லாம் தப்பா இருக்கு. சரி பண்ணு."

மதியம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டினான். ஃபான்ட்டை அழித்தான், திரும்பப் போட்டான். சாப்பிடக்கூடப் போகவில்லை. "இதுகூடத் தெரியாம என்ன கடை வச்சிருக்க?" என்று பக்கத்தில் நின்று திட்டினேன்.

"கோவம் நக்கோம்மா, வேணாம்... இது ஒண்ணு மட்டும் என் கைக்கு வரல."

அதற்குப் பிறகும் மகனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பற்றியே கேட்பானாம்.

அது முதலிலேயே சரியாகத்தான் வந்தது, சேகர்.

போய் வா.